ஆறாவது கம்பி காட்டிய சுரம்

ஒரு காய்ச்சலில் என் கணவருக்கு இரண்டு காதும் போய்விட்டன. விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, டிவியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, "சவுண்டே வரலியே" என்றார். ரிமோட்டை வாங்கி அணைத்தேன். அழுகை வரவில்லை. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. போய் இறக்கினேன்.

அவர் கல்யாணக் கச்சேரிக் குழுவில் கிடார் வாசிப்பவர். நான் திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். காது போன பிறகும் அவர் கிடாரை எடுத்து வைத்துக்கொள்வார். சுருதி கூட்ட ஒரு ட்யூனர் வாங்கிக் கொடுத்தேன்.

"இது லேட்டா காட்டுது. வாசிச்சிக்கினே போவும்போது எந்த சுரம் வுழுதுன்னு அப்பப்ப தெரியணும்" என்றார்.

ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சில்லையும் விரல் அகலத் திரையையும் வாங்கி வேலையை ஆரம்பித்தேன். ஒலியலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வழக்கமான கணக்கை முதலில் எழுதினேன். அந்தச் சின்னச் சில்லுக்கு அது பாரம், திணறியது. பிறகு, அலை நடுக்கோட்டை எத்தனை முறை தாண்டுகிறது என்று எண்ணவைத்தேன். மெல்லிய கம்பிகளுக்குச் சரியாக வந்தது. தடித்த ஆறாவது கம்பியை மீட்டினால் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே காட்டியது. அந்தக் கம்பியின் ஒரே அதிர்வுக்குள் அலை இரு மடங்கு தடவை நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறது.

லேபில் கூட வேலை செய்கிறவள், "அண்ணனுக்கு எப்பிடிக்கா கீது?" என்று கேட்பாள். "அப்பிடியேதான்" என்பேன்.

திண்டிவனம் பஸ்ஸில் போகும்போதுதான் தோன்றியது. அலையின் உயரமே வேண்டாம். கோட்டுக்கு மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூஜ்யம். அந்த வரிசையின் நகலை அதன் மேலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால், எங்கே இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதோ அதுதான் ஓர் அதிர்வின் நீளம். பெருக்கல் வேண்டாம், ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை எண்ணினால் போதும். சில்லுக்கு அது சுலபம்.

எழுதி முடித்து, திரையைக் கிடாரின் மேல் ஒட்டி அவரிடம் கொடுத்தேன். ஆறாவது கம்பியை மீட்டினார். சரியான சுரம் உடனே வந்தது.

"இன்னா பண்ண? இவ்ளோ ஜல்தியா வருது!"

போனில் தட்டிக் காட்டினேன்: "ஒரு நேரத்துல ஒரு சுரம்தாங்க அதுக்குத் தெரியும். பல கம்பிய ஒண்ணா மீட்டுற கார்டு புரியாது."

"கார்டு வாணாம். மெட்டு மட்டும் வாசிக்கிறேன்."

குழுவின் டிரம்ஸ்காரர் கூட்டேரிப்பட்டில் ஒரு வரவேற்புக்குக் கூப்பிட்டார். நானும் போய் மேடையோரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தாளத்துக்கு டிரம்ஸ்காரரின் கையையும் சுரத்துக்குத் திரையையும் பார்த்து வாசித்தார். கைதட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

"ஒரு எடத்துலகூட தப்பு வரலீங்க" என்று தட்டினேன்.

"தப்பு வரலன்னு நானுந்தான் பாத்தேன். நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. நானும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருந்துச்சுங்க" என்று தட்டினேன். தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கச்சேரி காணையில். திரை தெரியாத பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.