மாமா வைத்த மார்செய் மீன் சூப்

பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் தம்பி மகனிடமிருந்து போன வாரம் மின்னஞ்சல் வந்தது. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துவந்து வீட்டில் படித்தேன். கோடை விடுமுறைக்கு மத்தியதரைக் கடலோரம் போகிறார்களாம். மார்செயிலிருந்து சேத் வரைக்கும் பழைய முறையில் மீன் சமைக்கிற இடங்களை அத்தைதான் சொல்ல வேண்டுமாம். ஊரார் வெளிநாடு போகத் தேவையான சான்றிதழ்களை முப்பத்தோரு வருடம் சரிபார்த்து ஓய்வுபெற்றவள் நான். எனக்கென்று ஒரு பாஸ்போர்ட் எடுத்ததில்லை.

இருந்தாலும் மூன்று பக்கம் பதில் எழுதினேன். மார்செயில் மீனை முழுசாகத் தட்டில் வைத்து முதலில் உங்களுக்குக் காட்டாத கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சாறு தனி, மீன் தனி. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கொண்டுவருகிறவனுக்கு மீனும் தெரியாது, மரியாதையும் தெரியாது. மார்த்தீக்கில் மடவை மீன் முட்டையை உப்பிட்டுக் காயவைத்து மெல்லிசாகச் சீவித் தருவார்கள். சேத்தில் பேய்க்கணவாயைத் தக்காளியோடு வேகவைத்து மாவுக்குள் அடைத்துச் சுட்டிருப்பார்கள். அதைத் துறைமுகத்தில் நின்றபடிதான் தின்ன வேண்டும்.

இவ்வளவும் எங்கள் மாமா சொன்னது. அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

அம்மாவின் தம்பியான அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாவாகப் போய், காலம் முடிந்ததும் மார்செயிலேயே தங்கிவிட்டவர். மாதம் ஒரு கடிதம் வரும். ‘உத்தியோகம் நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரி, எந்தக் கடையில் எந்த மீன் என்று மூன்று பக்கம். இத்தனை இடத்தில் சாப்பிடுகிறவர் பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். சான்றொப்பம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது பணியில் சேர்ந்திருக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது.

அந்த வருடம் விடுப்பில் வந்தவருக்குப் பெண் பார்த்தார்கள். மாமாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போய், புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் முதலியார்பேட்டை முழுக்கச் சைக்கிளில் சுற்றினார். பெண்ணின் அப்பா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மார்செய் போய்வந்தவர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்குத்தான் பெண் என்பது அவர் கொள்கை. கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் முடிவாகாவிட்டால் மாமா இன்னும் மூன்று வருடம் தனியாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையிலேயே மாமா சங்கராவும் கொடுவாவும் நண்டும் வாங்கிவந்து, தக்காளி, பூண்டு, சோம்பு, குங்குமப்பூ எல்லாம் போட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“புளி இல்ல, மொளகாத்தூள் இல்ல. ஜொரக்காரனுக்குக் குடுக்குற கஞ்சியாட்டம் இருக்குடா” என்றாள் அம்மா.

“நீ செத்த சும்மா இரு, அக்கா. அவரு அங்க சாப்ட்டவரு.”

“அங்க சாப்ட்டா? சம்பந்தம் முடிவாவாம இங்க கைய நனைப்பாரா?”

அம்மா சொன்னதுதான் நடந்தது. பெண்ணின் அப்பா தன் தம்பியோடு வந்து உட்கார்ந்ததும், “காபி போதும். முடிவாவுற வரிக்கும் கை நனைக்கிற வழக்கமில்ல” என்றார். அதற்குள் சமையலறையிலிருந்து சோம்பும் குங்குமப்பூவும் கலந்த வாசனை வந்துவிட்டது. சற்று யோசித்து, கரண்டியால் சாப்பிட்டால் கை நனையாது என்று தாமே தீர்ப்புச் சொன்னார். பிற்காலத்தில் நான் எத்தனையோ விதிவிலக்குகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மணமான ஒன்றைப் பார்த்ததில்லை.

அவரும் தம்பியும், எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் மேசையில் உட்கார்ந்தார்கள். மாமா சாறை முதலில் வைத்தார். பிறகு மீன்களை முழுசாகத் தட்டில் கொண்டுவந்து காட்டினார். பெண்ணின் அப்பாவின் புருவம் உயர்ந்தது.

“நீங்களும் உக்காருங்க தம்பி.”

“நான் அப்பறம், முசியே” என்று மாமா ‘ஐயா’வைப் பிரெஞ்சில் சொல்லி ஒதுங்கி நின்றார்.

“அங்க எந்த ஆபீசுல இருக்கீங்க?”

மாமா மீன் தட்டின் விளிம்பைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். எங்கள் அப்பா இருமினார். எங்கள் குடும்பத்தின் பெருமை தெரியாமல் கேட்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்க மாமா ஒரே நேரத்துல நாலு தட்டு தூக்குவாரு! ஒரு சொட்டு சிந்தாது!”

முந்தின நாள் சாயங்காலம் பின்கட்டில் எனக்கு மட்டும் செய்துகாட்டியிருந்தார். சமையலறையிலிருந்து அம்மா “ஏண்டி…” என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டாள். பெண்ணின் அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்க, தூக்கு பாப்போம்.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததில் எங்கள் அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. மாமா உள்ளே போனார். இடது கையில் மூன்று, வலது கையில் ஒன்று, நான்கிலும் இன்னொரு முறை சாறு, விளிம்புவரை. மேசையைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாக வைத்தார். பீங்கான் மேசையில் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தி எல்லோரையும் பார்த்தேன்.

“எங்க கத்துக்கிட்டே?”

“பழைய தொறைமொகத்துல, முசியே. ஆறு வருசமா பரிமாறுறேன். நான் வீட்டுக்குக் கடுதாசியில எழுதுன எந்தக் கடையிலயும் ஒக்காந்து சாப்ட்டதில்ல.”

“அண்ணே, கெளம்பலாமா?” என்று அவர் தம்பி பாதி எழுந்துவிட்டார்.

“நீ உக்காருடா. கேட்ட ஒடனே உண்மையச் சொன்னவன கோர்ட்டுல நான் ஒருத்தனக்கூடப் பாத்ததில்ல.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “சோறு இருக்காம்மா?” என்றார்.

அம்மா சட்டியோடு ஓடிவந்தாள். அவர் சோற்றைப் போட்டுக்கொண்டு, மாமாவின் சாறை அதன்மேல் ஊற்றி, ஐந்து விரலாலும் பிசைந்து, சங்கராவைப் பிய்த்து வாயில் வைத்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்கு ஒரே ஏமாற்றம். பிரான்சு போய்வந்த மனிதருக்கு இவ்வளவுதானா தெரியும்? எங்கள் வீட்டில் முறையாகத்தான் பரிமாறுவார்கள் என்று அவருக்குத் தெரியட்டும் என்று, கரண்டியை எடுத்துத் துடைத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. விருந்தாளி கையால் சாப்பிட்டு மாமாவை அவமானப்படுத்திவிட்டார் என்று நினைத்து, அந்தக் கரண்டியை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினேன்.