கிளாரியின் மேல் முளைத்தவை

புருஷன் கிளாரி உயிரோடிருந்த வரை நோரீன் ஒரு பூச்செடிகூட வளர்த்ததில்லை. வளர்க்க விட்டால்தானே! கோதுமை விதைப்புக்கு முன் வயலில் பச்சையாக எது தலைகாட்டினாலும் மருந்தடித்துக் கருக்குவது அந்த ஊர் ஆண்களின் வழக்கம். கிளாரி வயலோடு நிற்காமல் வேலியோரம், வாசல், துணி காயப்போடும் கம்பியின் அடி வரைக்கும் அடிப்பார். நோரீன் நாற்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள், மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். ஒரு பூ மட்டும் முடியவில்லை.

பிப்ரவரியில் அவர் செத்துப்போனார். ஊரில் மருந்து படாத மண் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான்: அவரைப் புதைக்கப் புதிதாகத் தோண்டிய மண். ஏப்ரலில் ஒரு வாளி மணலில் எவர்லாஸ்டிங் விதையைக் கலந்து அவர் மேல் தூவி, செருப்புக்காலால் மிதித்து அழுத்தினாள். மிதிக்கும்போது கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

எவர்லாஸ்டிங் அந்த வறண்ட மண்ணிலேயே பிறந்த பூ. இரண்டு மழை போதும். ஜூனில் சாம்பல் பச்சையாக முளைத்தது. கூடவே நெவ்வும் முளைத்தார். கிளாரியின் கூட்டாளி. மழைக்காலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கல்லறைகளுக்கு மருந்தடிக்கும் ஒரே ஆள்.

“தள்ளு நோரீன். அவன் மேல களை மண்டிக் கெடக்கு.”

“களை இல்லப்பா, பூ. செப்டம்பர்ல பூக்கும். தேனீயெல்லாம் வரும்.”

“சாகும்போது என் கையப் புடிச்சு, ‘என் மேல ஒரு புல்லு நிக்கக் கூடாது நெவ்’னான். சத்தியம் பண்ணிருக்கேன்.”

“என் கையப் புடிச்சு ஒண்ணும் சொல்லலயே?”

“நீ காப்பி போடப் போயிருந்த.”

செத்தவனிடம் வாதாட முடியாது. நோரீன் மடக்கு நாற்காலியைக் கிளாரியின் கால்மாட்டில் போட்டாள்.

“சரி, அடி. மொதல்ல டீ குடி. லாமிங்டன் கேக் இருக்கு.”

நெவ் லாமிங்டனை வேண்டாமென்று சொன்னதாகச் சரித்திரமில்லை. இரண்டாவதை எடுக்கும்போது, அவருடைய முழங்கால் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டுவைத்தாள். அது லேசில் முடிகிற கதையல்ல. பத்து மணிக்கு மேற்கிலிருந்து காற்று எழும்பும் என்பது அவளுக்குத் தெரியும். காற்றில் மருந்தடித்து அடுத்தவன் பயிரைக் கருக்குகிறவனை அந்த ஊர் மனுஷனாகவே மதிக்காது.

நெவ் எழுந்தார். பழக்கத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்தார். அது பக்கவாட்டில் பறந்தது.

“சே!” என்று மருந்துக் குழாயை மூடினார்.

ஜூலையிலும் அதே கேக், அதே முழங்கால், அதே காற்று.

ஆகஸ்டில் மொட்டு விட்ட நேரம் பார்த்து நோரீனுக்குக் காய்ச்சல். கேக் சுடவில்லை. இரவு உடுப்போடு வண்டியை எடுத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்குத்தான் போய்ச்சேர்ந்தாள். எல்லாம் கருகியிருக்கும் என்றே நினைத்தாள். ஆனால் நெவ்வைக் காணோம். ஓர் இலைகூட அசையவில்லை. மருந்தடிக்க அதைவிட நல்ல காலை கிடைக்காது.

பத்தே முக்காலுக்கு அவருடைய வண்டி வந்தது. அதற்குள் காற்று அவள் உடுப்பைத் தூக்கியடித்தது.

“நாயக் குளிப்பாட்டிட்டிருந்தேன். லேட்டாயிடுச்சு.”

அவருடைய நாய் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

நெவ் மண்ணை அள்ளி உதிர்த்தார். கல்லறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: “கிளாரி, நான் வந்தேன்டா. காத்து. என்ன பண்ணச் சொல்ற?” பிறகு நாற்காலியைச் சுற்றித் தேடினார். “கேக் எங்க?”

“காய்ச்சல்ப்பா. சுடல.”

“முன்னாடியே சொல்லியிருந்தா வந்தே இருக்க மாட்டேன்ல!”

செப்டம்பரில் கிளாரி தலையிலிருந்து கால் வரை இளஞ்சிவப்பாகப் பூத்தார். அரிசி அளவு கறுப்புத் தேனீக்கள் காலை முழுக்க அவர் மேல் மேய்ந்தன. உயிரோடிருந்தபோது ஓர் ஈயைக்கூட அண்டவிடாத மனுஷன்.