ஓடும் காளையைப் படமெடுத்தது

பள்ளத்தூர் சாலையில் மாட்டுவண்டிப் பந்தயம். பேனரில் போட, தன் காளைகள் ஓடிவருவதைப் படமெடுக்கும் வேலையை மாமா என்னிடம் கொடுத்திருந்தார். கேமரா இரவல். முதலில் ஓடிய சின்ன மாட்டுப் பிரிவு வண்டிகளை, கையை அசைக்காமல் பிடித்து எடுத்துப் பார்த்தேன். சாலை தெளிவாக இருந்தது. மாடுகள் புகைபோலக் கலைந்திருந்தன.

"உங்க மாட்டைக் கொஞ்சம் நடந்து வரச் சொல்லுங்க மாமா."

"படம் விழலைன்னா அடுத்த பந்தயத்துல உன்னையத்தான்டா பூட்டுவேன்."

எங்கள் வண்டி வந்தது. இம்முறை ஒரு காளையின் நெற்றியைக் குறிவைத்து, அதன் வேகத்திலேயே உடம்பைத் திருப்பிக்கொண்டே அழுத்தினேன். திரையைப் பார்க்கவே பயம். மாமா கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். சாலை கலைந்திருக்க, காளையின் கண் தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, நம்ம வண்டி எத்தனாவதா வந்துச்சுன்னு பாத்தீகளா?"

"எங்குட்டுடா பாத்தேன்? உன் கையைத்தான பாத்துக்கிட்டு நின்னேன்."