பதினாலாம் நம்பரின் அழுக்குத் துணி

ஒரு பையன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள வெர்லீன் ஸ்டக்கி அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். சாக்ஸைப் பார்ப்பாள். அமெரிக்காவில், தெற்கு இண்டியானாவின் விட்டேக்கர் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இருபத்திரண்டு வருடமாகத் துணி துவைக்கிறவள்; பையன்களுக்கு மிஸ் வீ. முகம் பொய் சொல்லும், சாக்ஸ் சொல்லாது என்பது அவள் கட்சி.

ஆட்ட அரங்கத்துக்குக் கீழே, கொதிகலன் அறையை ஒட்டி அவள் ராஜ்ஜியம். இரண்டு பெரிய வாஷிங் மெஷின், மூன்று டிரையர், ஒரு தையல் மெஷின், இழுத்துக் கட்டிய ஏரியலோடு ஒரு ரேடியோ. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் நம்பர் போட்ட ஒரு லூப் உண்டு. தடித்த நாடா, நுனியில் கொக்கி. பயிற்சி முடிந்ததும் பனியன், டிரவுசர், சாக்ஸ் எல்லாவற்றையும் அதில் கோத்துக் கொக்கியை மாட்டி, தொட்டியில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவள் லூப்போடு சேர்த்தே துவைத்து உலர்த்தி, மறுநாள் காலை அவனவன் அலமாரியில் மாட்டிவைப்பாள். மழையோ பனியோ, அவளுக்குக் காய்ச்சலோ, இந்த வேலை நின்றதில்லை.

பையன்கள் சாக்ஸை உருவும் அழகைக் கேட்கவே வேண்டாம். உள்பக்கம் வெளியே வந்து, பந்தாகச் சுருண்டு, பிழிந்தால் ஒரு கோப்பை வியர்வை தேறும். அப்படியே துவைத்தால் உள்ளே அழுக்கு தங்கிவிடும். பதினைந்து பேருடைய சாக்ஸுக்குள்ளும் கையை விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பவேண்டும். இருபது வயதுத் தடியன்களின் கால் நாற்றம் என்னவென்று அவளைப்போல அறிந்தவர்கள் அந்த மாநிலத்திலேயே குறைவு.

டேவியன் மேப்ரி வந்த முதல் வாரம், பதினாலாம் நம்பர் லூப்பில் சாக்ஸ் இரண்டும் ஒழுங்காகத் திருப்பியிருந்தன. ஏதோ கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பொறுக்கமாட்டாமல் படிக்கட்டில் அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்டா கண்ணு, உனக்கு மட்டும் கை நேரா இருக்கு?"

"எங்கம்மா வடக்க கேரிங்கற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில வேல பாக்குறாங்க, மிஸ் வீ. அடுத்தவன் சாக்ஸுக்குள்ள கைய விடுறதப் பத்தி தெனம் சோத்துல கைய வச்சதும் ஆரம்பிப்பாங்க. நான் பாதி நாள் பட்டினி."

அன்றைக்கே அவளுக்கு அவன் மேல் பாசம் ஒட்டிக்கொண்டது. ஆட்டத்தில் அவன் பெரிய சூரன் இல்லை. பத்து நிமிடம் இறக்குவார்கள், எதிரணியின் பெரிய ஆளைத் தடுப்பான், இடி வாங்குவான், வந்து உட்காருவான். பெயர் பேப்பரில் வராது. அதனாலேயே இவன் எங்கேயும் போகமாட்டான் என்று அவள் நம்பினாள்.

போகிறது என்றால் போர்ட்டல்தான். வேறு கல்லூரிக்கு மாற நினைக்கிறவன் விண்ணப்பித்தால், அந்தக் கணினிப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். ஏறின மறுநிமிடம் எல்லார் போனிலும் வந்துவிடும். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் சும்மா உட்காரவேண்டும். இப்போது அந்தத் தடையும் இல்லை, போகிற இடத்தில் காசும் தருவார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் பாதி அணி காலி. யார் பெயர் ஏறினாலும், வெர்லீன் அவன் ஜெர்சியின் முதுகிலிருந்து பெயர்ப்பட்டையைத் தையல் பிரித்து எடுத்து, ஓர் உறையில் போட்டு, அவன் அம்மாவுக்குத் தபாலில் அனுப்புவாள். யாரும் அவளிடம் சொன்ன வேலை இல்லை அது. பெற்றவளுக்கு அந்தப் பெயர் போய்ச் சேரட்டுமே என்றுதான். ஜெர்சி அடுத்தவனுக்குப் போகும்.

இதில் அவளுக்கு ஒரு குறை. நாலாம் வருடக் கடைசி ஆட்டத்தில், படித்து முடிக்கிற பையன்கள் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு களத்தின் நடுவே நடந்து வருவார்கள். சீனியர் நைட். முதல் வருடத்திலிருந்து இங்கேயே இருந்து அப்படி நடந்த பையனைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எல்லாம் வேறெங்கோ இருந்து வந்து ஒரு வருடம் ஆடிவிட்டு, ஊரே தங்களுக்காக அழுவதுபோல் பூங்கொத்து வாங்குகிறவர்கள்.

"கவலப்படாதீங்க, நான் நாலு வருஷமும் இங்கதான்," என்று டேவியன் மூன்றாம் வருடக் கிறிஸ்துமஸுக்குச் சொன்னான், அவள் கொண்டுவந்த பெர்சிமன் பழப் புட்டிங்கை மூன்றாம் துண்டாக வெட்டிக்கொண்டே. "சீனியர் நைட்டுக்கு ஒரு தட்டு எனக்கு மட்டும் தனியா. எழுதி வச்சுக்கங்க."

அவள் எழுதி வைக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தரை துடைக்கிற ரூடி படியில் பாதி இறங்கி நின்று, போனைப் பார்த்தபடியே சொன்னான்: "அம்மணி, உன் செல்லப்பிள்ள பேரும் ஏறிடுச்சு."

"எந்தச் செல்லப்பிள்ள?"

"சாக்ஸ் திருப்புறவன்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். போகிறவன் போகட்டும், படி இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குமா? நேற்றுச் சாயங்காலம்கூட இதே வாசலில் நின்று ரேடியோவைத் திருகிவிட்டுத்தானே போனான்? அப்போதே மனசில் வைத்திருந்திருக்கிறான் பார்.

தொட்டியில் லூப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றாக மெஷினில் போட்டாள். பதினாலு கைக்கு வந்தது. சாக்ஸ் வழக்கம்போலத் திருப்பியிருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை வியர்வை நாற்றத்தோடு அப்படியே மாடிக்குக் கொண்டுபோய் அவன் அலமாரியில் மாட்டிவிட்டு வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் துவைக்காமல் மாட்டிய முதல் லூப் அதுதான். பெயர்ப்பட்டையையும் பிரித்தாள். ஆனால் உறையில் போடவில்லை. தையல் மெஷினின் இழுப்பறையில் எறிந்து மூடினாள்.

மறுநாள் அவன் வாசலுக்கு வந்து, "மிஸ் வீ," என்றான். அவள் டிரையருக்குள் தலையை விட்டபடி, "வேல இருக்கு," என்றாள். பிறகு படியேறிப் போகிற சத்தம் கேட்டது.

கோபத்தில் மே மாதம் முழுக்க நன்றாகத்தான் போனது. ஜூனில் ஜெர்சிக் கம்பெனியிலிருந்து பெட்டிகள் வந்தன. சரி பார்க்க ஆர்டர் தாளை எடுத்தாள். வசந்த காலத்தில் கோச் அறையிலிருந்து வந்து, மற்ற காகிதங்களுக்கு அடியில் அவள் மேசையிலேயே கிடந்த தாள்தான். பதினாலாம் நம்பருக்கு நேரே டெக்சஸ் பையன் ஒருவன் பெயர் இருந்தது. மேலே தேதி: மார்ச் பதினொன்று.

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மார்ச் பதினொன்றேதான். டேவியன் பெயர் போர்ட்டலில் ஏறியது ஏப்ரலில். அவன் போகிறேன் என்று சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே அவன் முதுகை இன்னொருவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவன் போகவில்லை. போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஐயோ, நான் என்ன காரியம் பண்ணேன்," என்று அந்தத் தாளிடமே சொன்னாள்.

ரூடியிடம் கேட்டாள். அவனுக்குத் தெரிந்திருந்தது. "கோச் எல்லார்ட்டயும் அதத்தான பண்றாரு. நீயே போற மாதிரி போ, அடுத்த காலேஜ்ல மரியாதையா இருக்கும், வெளிய வாய் தொறக்காதன்னு. பையன் தொறக்கல. நீயும் ஒம் பங்குக்கு மொகத்தத் திருப்பிக்கிட்ட."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ எங்க கேக்குற நெலமையில இருந்த?"

அதற்குமேல் அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவன் போன் நம்பர் இருந்தது. நாலு தடவை எடுத்தாள், நாலு தடவை வைத்தாள். துவைக்காத துணியைப் பற்றிப் போனில் எப்படிப் பேசுவது? சின்னக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டாள். செயின்ட் ஆல்டன். மூன்று மணி நேரப் பயணம். ஆட்ட அட்டவணை வந்தபோது முதலில் அந்தப் பெயரைத்தான் தேடினாள். இருந்தது. நவம்பர் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணி, இங்கேயே. பருவம் தொடங்குமுன் பயிற்சிக்காக ஆடும் ஆட்டம்.

அதற்கு முதல் நாள் மரத்தடியில் உதிர்ந்த பெர்சிமன் பழங்களைப் பொறுக்கி, பிசைந்து, வடிகட்டி, ஒரு பெரிய தட்டு நிறையப் புட்டிங் செய்தாள். விருந்தினர் உடைமாற்றும் அறைக்குத் துண்டு அடுக்குவதும் அவள் வேலைதான். அடுக்கிவிட்டு நடு மேசையில் தட்டை வைத்தாள். சீட்டு ஏதும் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவது?

செயின்ட் ஆல்டன் பையன்கள் பச்சை ஜெர்சியில் வரிசையாக வந்தார்கள். முதுகில் நம்பர் மட்டும், பெயர் இல்லை. டேவியன் கடைசியில் வந்தான். தாடி விட்டிருந்தான். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். சரிதான், எனக்கு இது வேண்டியதுதான் என்று தன்னையே திட்டிக்கொண்டு கீழே போனாள். ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. தலைக்கு மேலே கூரை அதிர்கிறதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். செயின்ட் ஆல்டன் முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

முடிந்து அரை மணி இருக்கும். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தட்டுல ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கலங்க எங்க பசங்க. நான் போறதுக்குள்ள காலி."

டேவியன்தான். கையில் பச்சை நாடா போட்ட ஒரு லூப், துணியோடு.

"கண்ணு, நான் தப்பு பண்ணிட்டேன்," என்றாள். மடித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "நீயாப் போறன்னு நெனச்சேன். அந்தத் துணிய அப்பிடியே மாட்டிட்டேன். நான் அப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது."

"அத வீட்டுக்குக் கொண்டு போனேன் மிஸ் வீ. கேரி போற பஸ்ல அஞ்சு மணி நேரம். பக்கத்து சீட்டுல ஒருத்தன் உக்காரல. படுத்துக்கிட்டே போனேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எங்கம்மா பையத் தொறந்தாங்க, மூக்கப் பிடிச்சுக்கிட்டாங்க. என்னடா இதுன்னாங்க. அங்க துவைக்கிறவங்க மாட்டிட்டுப் போனதுன்னேன். துணிய வெளிய எடுத்துப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'முப்பது வருஷமா இந்த வேலயில இருக்கேன். மனசு ஒடஞ்சாத்தான்டா ஒரு பொம்பள துணிய இப்பிடித் திருப்பி அனுப்புவா. அங்க ஒன்ன யாரோ ரொம்ப நெனச்சிருக்காங்க.'"

வெர்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோச் கை குடுத்து அனுப்புனாரு," என்றான். குரல் சற்று இறங்கியது. "பசங்க நல்லா இருடான்னு மெசேஜ் போட்டாங்க. எல்லாரும் ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் நான் போறேன்னு கோவப்பட்டீங்க."

அவன் லூப்பை நீட்டினான்.

"அங்க நாங்களேதான் துவைச்சுக்கணும். பஸ் கெளம்ப ஒரு மணி நேரம் இருக்கு, பீட்சா சொல்லிருக்காங்க. அன்னிக்கு ஒரு தடவ துவைக்காம விட்டீங்கள்ல?"

"குடு இங்க," என்று பிடுங்கினாள்.

அவன் பீட்சா தின்னப் போனதும் விளக்கருகே வைத்துக் கொக்கியைக் கழற்றினாள். சாக்ஸ் இரண்டும் ஒழுங்காகத் திருப்பியிருந்தன. பதினைந்து பேர் துணி கொள்கிற மெஷினில் அந்த ஒரே லூப்பைத் தனியாகப் போட்டு, எதிரே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, அது சுற்றி முடிகிறவரை அழுதாள். துடைப்பத்தோடு எட்டிப் பார்த்த ரூடி, "சோப்பு கண்ணுல பட்டுச்சா?" என்றான். "ஆமா. நீ போ," என்றாள். அவன் போகவில்லை. இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

டிரையர் நின்றதும் இழுப்பறையைத் திறந்து மேப்ரி என்ற பெயர்ப்பட்டையை எடுத்தாள். ஊசி தேடினாள், நேரம் இல்லை. ஊக்கு ஒன்றை எடுத்து லூப்பின் நுனியில் குத்தினாள். வெளியே பேருந்து உறுமத் தொடங்கியிருந்தது. கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். அவன் பேருந்துப் படியில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். பெயரைப் பார்த்தான். துணியை இரண்டு கையாலும் மார்போடு வாங்கிக்கொண்டான்.

"இன்னும் சூடா இருக்கு, மிஸ் வீ."

"சீனியர் நைட் அங்க என்னிக்கு?"

"பிப்ரவரி கடைசி சனிக்கெழம. அம்மா வர்றாங்க."

"அவங்களுக்கு ஒரு தட்டு, உனக்கு ஒரு தட்டு," என்றாள். "எழுதி வச்சுக்கிறேன்."