ஹஜ்ஜுப் பெருநாள் ஈரல்

இன்ஷிரா என்ன படிக்கிறாள் என்பது காத்தான்குடியில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. டாக்குத்தருக்கா என்று கேட்பார்கள். இல்லை, உயிர் இரசாயன ஆராய்ச்சி என்பாள். உடம்பு வேலை செய்யும்போது சில மூலக்கூறுகள் கோணல்மாணலாகிவிடும். அவற்றைத் திருத்துவதற்கென்றே நொதியங்கள் என்னும் என்சைம்கள் சில உள்ளே ஓயாமல் பாடுபடும். முதலாம் வருட விரிவுரையில் அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அதே பைத்தியம்.

அந்தப் பைத்தியம் கடைசியில் அவளை ஆட்டு ஈரலில் கொண்டுவந்து விட்டது. ஆடு தனக்கு வேண்டிய விற்றமின் சி-யைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும். மனிதருக்கு அதைச் செய்து முடிக்கும் கடைசி நொதியம் கெட்டுப்போய் எத்தனையோ யுகம். ஆட்டு ஈரலின் அந்த வேலையை அளந்து காட்டிய பிறகுதான் அதில் வரும் கோணல்களைத் திருத்துவது எது என்று தேட முடியும். இறைச்சிக்கடை ஈரலோ கொழுக்கியில் தொங்கி, வெக்கையில் வாடி, நொதியம் செத்துத்தான் கைக்கு வரும். அறுத்த கையோடு ஐசில் வைத்த ஈரல் வேண்டும். வீட்டு முற்றத்தில் ஆடு அறுபடும் ஹஜ்ஜுப் பெருநாளை விட்டால் அவளுக்கு வழியில்லை.

அன்றைக்கு முதலில் வாய்க்குப் போவதே ஈரல்தான். இருந்தும் அவளுடைய தாய் ஆமினா உம்மா பாதியை ஒதுக்கிவிட்டார். மகள் உடுப்பு மாற்றி வருவதற்குள் அதை ஐஸ் நிரப்பிய, சூடு ஏறாத றெஜிபோம் பெட்டியில் வைத்து மூடியும் கொடுத்தார்.

கல்லடிப் பாலம் தாண்டி, ஏறாவூர் தாண்டி, பெட்டியை மடியில் வைத்தபடி இன்ஷிரா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆராய்ச்சியை மேற்பார்க்கும் சார்மெயின் மிஸ், விடுமுறையிலும் அவளுக்காக ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருந்தார். மூடியைக் கழற்றியதும் தேசிக்காய் மணம் குப்பென்று வந்தது. ஈரல் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தது.

"இதப் பொரிச்சுச் சாப்பிடலாம் பிள்ள. அளக்க ஏலாது," என்றார் மிஸ். எலுமிச்சைப் புளி நொதியத்தைக் கெடுத்திருக்கும். அதற்கு மேல், அளக்க வேண்டிய விற்றமின் சி தேசிக்காயோடு வெளியிலிருந்தே வந்து சேர்ந்துவிட்டது.

தேசிக்காயும் மஞ்சளும் போட்டுக் கழுவினீங்களா என்று இன்ஷிரா தொலைபேசியில் உம்மாவிடம் கேட்டாள். "மிஸ்ஸுட இடத்துக்கு ரத்தம் வடிய வடிய எப்பிடி மகள் குடுத்தனுப்புற?" என்றார். இன்ஷிராவுக்குக் கோபம் வரவில்லை. அடுத்த பெருநாள்வரை காத்திருக்க வேண்டுமே என்றுதான் கவலை.

அவள் வீடு திரும்புவதற்குள் உம்மா தன் தம்பி மஜீடிடம் போய் வந்துவிட்டார். பெருநாளுக்கு அடுத்த நாட்களிலும் அறுக்கலாம் என்பதால், மஜீடின் ஆடு மறுநாள்தான் அறுபட இருந்தது. ஈரலை முழுசாய்க் கேட்டதும், ஆட்டையும் கம்பஸுக்கு அனுப்பப் போறீங்களா ராத்தா என்று மஜீட் சிரித்தாராம். ஆனாலும் தருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் உம்மா பெட்டியோடு ஆட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஈரலைக் கண்டதும் மஜீடின் மனைவி வாளித் தண்ணீரோடு கழுவ வந்தாள். "கிட்ட வராத மச்சி, அது உசிரோட போகோணும்," என்று உம்மா மறித்தார். பெட்டியைப் பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை. ஆய்வுகூடம்வரை தானே கொண்டுபோனார்.

ஈரலை அரைத்து, சுழற்றி, வடித்து எடுப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. கருவியின் திரையில் கோடு கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. அறுபட்ட ஆட்டின் ஈரல், கண்ணாடிக் குழாய்க்குள் விற்றமின் சி செய்துகொண்டிருந்தது.

உம்மாவுக்குக் கோடு விளங்கவில்லை. மகளின் முகம் விளங்கியது.

"இன்னொருக்காச் செய்து பாப்பம்," என்றார் சார்மெயின் மிஸ்.

உம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு வசதியாய் உட்கார்ந்தார். இன்ஷிரா ஐசுக்குள்ளிருந்து அடுத்த குழாயை எடுத்தாள்.