மலர்க்கொடியும் முரட்டு ரேசரும்

மலர்க்கொடிக்குத் தாடையில் முடி வளரும். இதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. சொல்லலாம் என்று அவளே அனுமதியும் கொடுத்துவிட்டாள். தில்லைநகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் நானும் அவளும் ஒரே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, பல்வலியில் வருகிறவர்களின் கோபத்தை வாங்கிக்கொள்வது, இதுதான் எங்கள் வேலை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அந்த முடி என் கண்ணில் பட்டதில்லை. அவ்வளவு கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் பாதியை வாயைத் திறப்பதற்குச் செலவழித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

தொட்டியத்தில் வாழை போடுகிறவர்கள் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மூன்று முடிதான். பிடுங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. மகள் தேவதர்ஷினி பிறந்த பிறகு அது கருத்து, தடித்து, கழுத்து வரை இறங்கிவிட்டது. லேடி டாக்டர் ஹார்மோன் கோளாறு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் நாள் முழுக்கக் குமட்டல், நிறுத்திவிட்டாள். பார்லரில் நூல் போட்டு எடுத்தால் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் காலை தடவிப் பார்த்தால் சொரசொரவென்று நிற்கும்.

புருஷன் முருகானந்தம் மலைக்கோட்டை பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருப்பவர். பட்டுப் பிரிவு என்றால் கடையில் தனி மரியாதை. வெள்ளை விரிப்பில் உட்கார்ந்துகொண்டு ஒரே உதறலில் புடவையை விரித்து, முந்தியை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். பெண் வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். தினமும் ஷேவ் செய்துகொண்டு வர வேண்டும் என்பது அங்கே சட்டம். அவருக்கோ மெல்லிய தோல். அதனால் பல வருஷமாக ஒரு சாதுவான ரேசரை வைத்திருந்தார். குழந்தை கையில் கொடுத்தாலும் வெட்டாது என்று அவரே சொல்வார். ஞாயிற்றுக்கிழமைதோறும் புது பிளேடு மாட்டுவார்.

ஒருநாள் சொந்தத்தில் வளைகாப்பு. பார்லர் பூட்டிக் கிடந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அவர்கள் இருக்கும் மாடிப் போர்ஷனில் ஒரே ஒரு பாத்ரூம்தான். அவர் குளித்துவிட்டு வந்ததும் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள், ஸ்டாண்டில் இருந்த ரேசரை எடுத்தாள். நிமிஷத்தில் முடிந்தது. தாடை வழவழவென்று ஆயிற்று. ரேசரை நன்றாகக் கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். மறுநாள் காலையிலும் எடுத்தாள். அதற்கப்புறம் எடுக்காத நாளே இல்லை.

தனியாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று பின்னால் நான் கத்தினேன். மூலைக்கு மூலை கடையில் தொங்குகிறது. அவள் சொன்ன பதில் எனக்கு எரிச்சலைக் கொடுத்தாலும் புரிந்தது. “வாங்கிட்டா அது என்னோடதாயிடும்க்கா. அவரோடதை எடுத்தா, இன்னிக்கு ஒருநாள் அவசரத்துக்கு எடுத்தேன்னு இருந்துடலாம்.”

அப்படி அந்த ‘ஒருநாள் அவசரம்’ மாசக் கணக்கில் ஓடியது. இருவர் முகத்தையும் மழித்தால் பிளேடு என்ன செய்யும்? பாதி வாரத்திலேயே மழுங்கிப் போனது. அவர் காலையில் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வழிப்பார். அப்படியும் அங்கங்கே விட்டுப்போய் முகம் அழுக்காகத் தெரியும்.

“இந்த பிளேடுக்காரன் நல்லா ஏமாத்துறான் மலரு. புதன்கிழமையே மொண்ணையாயிடுது” என்றார் ஒருநாள்.

“ஆமாங்க, இப்ப எதுதான் நல்லா வருது?” என்றாள் இவள், தோசையைத் திருப்பிப் போட்டபடியே.

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது என்கிறாள். கூசட்டும்.

பிளேடு கம்பெனியை மாற்றிப் பார்த்தார். அதுவும் புதன்கிழமை மழுங்கியது. கடைசியில் கோளாறு ரேசரில்தான் என்று முடிவு கட்டி, சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கடைக்குப் போய்க் கனமான புது ரேசர் ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர் சொன்னதைச் சாப்பிடும்போது அப்படியே ஒப்பித்தார். “இது முரட்டு ரகமாம். பிளேடு வெளியே கொஞ்சம் தூக்கலா நிக்குமாம். வெயிட்டுலயே அது பாட்டுக்கு வழிச்சிட்டுப் போயிடும், அழுத்திட்டீங்கன்னா வெட்டிடும்னு சொன்னாரு.”

முதல் நாள் புது பிளேடு. ஷேவ் அற்புதமாக வந்தது. மகளைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிச் சிரித்தார். அவர் குளித்து முடித்த பிறகு மலர்க்கொடி உள்ளே போனாள். வழக்கம்போல் தாடையில் வைத்து இழுத்தாள், சுரீர் என்றது. ரத்தம் கழுத்துவரை வழிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தாடையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து என்ன என்று கேட்டேன். பரு கிள்ளிவிட்டேன் என்றாள். நானும் நம்பினேன்.

ஆக, அந்த ரேசர் என்ன செய்யும் என்று அவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மழுங்கிய பிளேடோடு அவர் வழக்கம்போல் அழுத்தப் போகிறார் என்பதும் தெரியும். வாரத்தின் நடுவில் அவர் முகத்தில் மூன்று இடத்தில் பேப்பர் துணுக்கை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தார். இவள் படிகாரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கை அதைச் செய்துகொண்டிருக்க, சொல்லிவிடு சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. சொன்னால் அவர் இவள் தாடையைப் பார்ப்பார், இனி கிட்டே வரும்போதெல்லாம் பார்ப்பார் என்ற ஒரே பயம்.

நிறுத்தப் பார்க்காமலும் இல்லை. ஒரு வாரம் பார்லருக்கே நடந்தாள். இன்னொரு நாள் துணிந்து மெடிக்கல் கடைக்குப் போனாள். ரேசர் கொடுங்க என்று கேட்கப் போன நேரத்தில் மகளின் கிளாஸ் மிஸ் பக்கத்தில் வந்து நின்றார். இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். மறுநாள் காலை மறுபடியும் ஸ்டாண்டில் கை போயிற்று.

ஆவணி முகூர்த்த நேரம். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கூட்டமாகக் கடைக்கு வந்திருந்தார்கள். முருகானந்தம் சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவையை விரித்து, முந்தியைத் தோளில் போட்டுக் கல்யாணப் பெண்ணுக்குக் காட்டினார். காலையில் கழுத்தில் பட்ட வெட்டை சட்டைக் காலர் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அது திறந்துகொண்டது. புடவையைத் தோளிலிருந்து எடுத்தபோது முந்தியில் ரத்தம்.

பெண்ணின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். “ஐயய்யோ, தாலி கட்டுற புடவையில ரத்தமா! எந்திரிங்க எல்லாரும், வேற கடை பாத்துக்கலாம்.” வேறு புடவை காட்டுகிறோம் என்று எவ்வளவு கெஞ்சியும் உட்காரவில்லை. அத்தனை பேரும் படியிறங்கிப் போனார்கள்.

பட்டுப் பிரிவு இருக்கும் மாடிக்கு மேனேஜர் பீமராவ். நல்ல மனுஷர், திட்டவில்லை. “முருகா, உன் மூஞ்சி கொஞ்ச நாளாவே சரியில்லையேப்பா. ஆறுற வரைக்கும் கீழ உள்பாவாடை செக்‌ஷனைப் பாத்துக்க” என்றார். பட்டில் உட்கார்ந்த மனிதர் உள்பாவாடைக்கு நாடா நீளம் காட்டப் போனார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அன்றோடு அவள் அந்த ரேசரைத் தொடுவதை விட்டாள். ஆனால் காலம் கடந்துவிட்டது. அவர் வேறொரு கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கும். காபி டம்ளரைப் பிடிக்க முடியாது, சட்டைப் பட்டனை மற்றவர்தான் போட்டுவிட வேண்டும். பிளேடை மாற்றியாயிற்று, ரேசரை மாற்றியாயிற்று, அப்படியும் வெட்டுகிறது என்றால் கோளாறு கையில்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு ரேசர் பக்கமே போகாமல் சலூனுக்குப் போனார். மகளை வண்டியில் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே அது லேசாக நடுங்கவும் செய்தது.

நரம்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு மலர்க்கொடியிடம் கேட்டார். “நீங்கதான் கூடவே இருக்கீங்க. ஏதாவது வித்தியாசம் கவனிச்சீங்களாம்மா?”

முருகானந்தமும் திரும்பி அவளைப் பார்த்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த அறையில் மூன்றே பேர், அதிலும் ஒருவர் டாக்டர். இவள் சொன்னது இதுதான்: “ஆமா டாக்டர். கொஞ்ச நாளாவே ஷேவ் பண்றப்ப வெட்டிக்கிறாங்க.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாசம் கழித்துப் பார்ப்போம் என்றார். ஆறு மாசம் என்பது மட்டும்தான் முருகானந்தத்தின் காதில் விழுந்தது. திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “என்ன ஆனாலும் நீ வேலையை மட்டும் விட்டுடாத மலரு. பாப்பா இருக்கா” என்றார். அவளுக்கு அங்கேயே இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

அவருக்குச் செவ்வாய்க்கிழமை வார லீவு. மகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, இவளும் எனக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, அவரைப் பாத்ரூம் வாசலுக்குக் கூப்பிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று தாடையை நனைத்துக் கிரீமைத் தடவினாள். முரட்டு ரேசரை எடுத்து, அழுத்தாமல், கடைக்காரர் சொன்ன மாதிரியே மெதுவாக வழித்தாள். கழுவிவிட்டுத் திரும்பினாள்.

“தினமும் இதைத்தாங்க பண்ணிட்டிருந்தேன். உங்க பிளேடை மொண்ணையாக்குனது நான்தான். உங்க கையில ஒண்ணும் இல்லீங்க.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு இரண்டு கையையும் நீட்டி, குப்புறவும் மல்லாக்கவும் திருப்பிப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, வெளியே கேட்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதார். அவளும் அழுதாள். அவர் கண்ணில் அருவருப்பு வருகிறதா என்று அந்த அழுகையிலும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இல்லவே இல்லை. எழுந்து வந்து அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்கா பயந்த? இந்த முரட்டு ரேசர்லயா வழிச்ச? உன்னை வெட்டலையா?”

“வெட்டிச்சுங்க. முதல் நாளே.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். “முதல் நாளே வெட்டிச்சா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அப்ப என்னை வெட்டும்னு உனக்குத் தெரியும். டாக்டர் கேட்டப்பவும் தெரியும்” என்றார்.

இத்தனை நாளும் தாடைக்காகவே பயந்துகொண்டிருந்தவள், இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைத்தே பார்க்கவில்லை.

அவர் சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து பாத்ரூம் ஸ்டாண்டில் அவளுக்கென்று ஒரு ரேசரும் பிளேடு பாக்கெட்டும் வந்து உட்கார்ந்தன. அவரும் பழையபடி தானே ஷேவ் செய்துகொண்டார். முகம் ஆறியது. பீமராவ் மறுபடி மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கை நடுக்கம் போன இடம் தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நான்தான் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

போன வாரம் தேவதர்ஷினிக்குக் காய்ச்சல். இரண்டு பேரும் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். காய்ச்சல் எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். மலர்க்கொடி, “காலையிலேயே உடம்பு சுட்டுது டாக்டர்” என்றாள்.

முருகானந்தம் அவள் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். “நெஜமாவா?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கேட்டதில்லை.

“நெஜமாத்தாங்க” என்றாள் மலர்க்கொடி.