மெர்சி அக்கா எடுக்க மறுத்த பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை, கோலாலம்பூரை அடுத்த பூச்சோங் நெரிசலில் என் கார் நின்றிருந்தபோது மெர்சி அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணன் அழைத்தார். "மெர்சி போயிட்டா, தம்பி" என்றார். மூளையில் இரத்தக் கசிவு. மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு." அவர் மனைவியிடம் நான் பேசி மூன்று மாதம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டில் சொல்லவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர் மெர்சி அக்கா. கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாற்பத்தாறு வயதில் கல்வித் தொழில்நுட்பத்தில் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தார். நானும் அங்கேதான் படித்தேன். முதல் வகுப்பிலேயே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது, ஒங்களுக்குப் பிள்ளைங்களத் தெரியாது. சேர்ந்து செய்யலாம்லா" என்றார்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக நான் ஒரு செயலி எழுதினேன். சரியாகப் படித்தால் திரையில் நட்சத்திரம் விழும். அக்கா அதைத் தம் பள்ளியின் இரண்டாம் ஆண்டு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார். சனிக்கிழமைகளில் அவர்கள் வீடுகளுக்கே போய், ஒவ்வொருவரையும் வாசிக்க வைத்துக் குறித்துக்கொண்டார்.

முடிவுகள் வந்த அன்று பல்கலைக்கழகக் கேண்டீனில் இருந்தோம். "பிள்ளைங்க நட்சத்திரம் வாங்கக் கத்துக்கிட்டாங்க, தம்பி. வாசிக்கக் கத்துக்கல" என்றார் அக்கா.

ஒரு நிறுவனம் செயலியை வாங்கப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இதை எழுதியிருந்த பக்கத்தை அக்காவின் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.

"இவங்களுக்குப் படிக்க வந்துருச்சின்னு நான் எழுதிட்டா, அப்புறம் யாரு சொல்லிக் குடுப்பா?"

"நீங்க வெறும் டீச்சர். ஆராய்ச்சியப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து, "சாப்டீங்களா தம்பி?" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். நான் பதில் போடவில்லை.

நல்லடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் நின்றேன். முன்னால் போக எனக்கு முகமில்லை.

அடுத்த வாரம், சோதனைக்காகக் கொடுத்திருந்த டேப்லெட்டுகளைத் திரும்ப எடுத்துவர அவர் பள்ளிக்குப் போனேன். ஒரு சிறுமி செயலியைத் திறந்து, எழுத்துகளைப் பார்க்காமலேயே மளமளவென்று அழுத்திப் பாடத்தை முடித்துவிட்டாள். அதிலிருந்த ஒரு வரியைத் தாளில் எழுதி நீட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெர்சி டீச்சர்னா மொத எழுத்த சொல்லுவாங்க, அங்கிள்" என்றாள்.

சொன்னேன். அவள் விரல் இரண்டாவது எழுத்தைத் தேடிப் போனது.

நீங்கள் எழுதியதுதான் சரி, அக்கா. உங்கள் காதில் விழும் காலத்தில் அதைச் சொல்லாமல் போனேன். நிம்மதியாக உறங்குங்கள்.